கலங்கி வந்த நீர்

லாரிக்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார். கால்நடை மருத்துவரான தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. தோள்வரை உறை மாட்டிய கையைப் பெண்குதிரையின் உள்ளே விட்டபடி ஸ்கேன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாயத்தின் சொந்தக்காரி அக்கா. ஓயாமல் பிடரியைச் சிலுப்புவதால் குதிரைக்குச் சிலுப்பி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். போன வருடம் முழுக்க ஆண்குதிரையோடு சேர்த்தும் சிலுப்பிக்குச் சினை பிடிக்கவில்லை. இப்போது பருவம் வந்திருந்தது. இன்றே பொலிகுதிரையிடம் கொண்டுபோயாக வேண்டும்.

"பஞ்சுக்குச்சி விட்டு எடுத்ததுல ஒண்ணுமில்லன்னு லேப்ல சொல்லிட்டாங்கல்ல? இன்னும் என்னடி குடையற?"

"கருப்பைல கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்குதுக்கா. மனசு ஒப்பல."

"உனக்கு எதுலதான் ஒப்பிச்சு? அடுப்ப அணைச்சோமான்னு பாதி வழியில திரும்பி வர்றவ நீ."

அது உண்மைதான். அதனாலேயே தங்கைக்குத் தன் சந்தேகத்தின் மீதே சந்தேகம் வந்தது. நோயா, அல்லது வெறும் பதற்றமா? ஆனால் பஞ்சுக்குச்சி ஓர் இடத்தைத்தான் தொடும். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமி தப்பிவிடும். மெல்லிய குழாய் வழியாகச் சலைனை உள்ளே விட்டு, கருப்பையை அலசித் திரும்ப வடித்தாள். வந்த நீர் லேசாகக் கலங்கியிருந்தது.

மருந்தறையில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, அந்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி வைத்தாள். கண்ணாடித் துண்டை நகர்த்தினாள். எங்கு பார்த்தாலும் வெள்ளையணுக்கள்.

"அக்கா, வந்து பாரு."

அக்கா ஒற்றைக் கண்ணைச் சுருக்கினாள். "கடுகு கொட்டின மாதிரி இருக்கு."

"அத்தனையும் கிருமியோட சண்டைக்கு வந்ததுங்க. இப்ப சேர்த்தா கரு தங்காது. உள்ள இன்னும் கெட்டுப்போகும்."

"என்ன கிருமி?"

"இந்தத் தண்ணிய லேப்ல வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப உனக்கே தெரியல."

"தெரியல. ஆனா இன்னிக்கு அனுப்ப விடமாட்டேன்."

அக்கா விருட்டென்று எழுந்து போனாள். லாரியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சிலுப்பியை ஏற்றுகிறாள் என்று தங்கை பதறி ஓடினாள். அக்காவோ லாரிக்குள் பரப்பியிருந்த வைக்கோலை வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தாள்.

"நீங்க கிளம்புங்கண்ணே," என்றாள் லாரிக்காரரிடம். "டாக்டரம்மா உத்தரவு."

அலசிய நீரை லேப்புக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை தங்கை போனைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். கடைசியில் லேப்பிலிருந்து அழைத்தார்கள். கிருமி வளர்ந்திருந்தது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரிந்துவிட்டது. கருப்பையைக் கழுவி அந்த மருந்தைச் செலுத்தினாள். அடுத்த பருவத்தில் அலசியபோது நீர் தெளிவாக வந்தது. மைக்ரோஸ்கோப்பிலும் லேப்பிலும் ஒன்றுமில்லை. சிலுப்பி லாரியேறிப் போய்த் திரும்பினாள்.

சினை பார்க்கும் நாளில் திரையில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம் தெரிந்தது. அக்கா கவிழ்த்த வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இருக்குல்ல? சொல்லித் தொலையேன்!"

"இருக்கு. கொஞ்சம் பேசாம இருக்கா. ரெட்டையா இருந்தா ஆபத்து."

கருவியை மெல்ல மறுபக்கம் நகர்த்தினாள்.

"ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை தேடத் தொடங்கினாள்.