உப்புக்குப் பழகிய சாலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு ஜனவரி பதினேழாம் தேதி, பகல் பதினொன்றரை மணிக்கு, சாரி-எஷிக் கணவாய்ச் சாலை தான் படுத்திருந்த இடத்தை விட்டு எழுந்து, தொக்தோசுனின் மணல் லாரியைப் பார்த்தபடி தெகெரெக் கிராமத்தை நோக்கி மலை ஏறத் தொடங்கியது. அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி, காற்று இல்லை. இதைப் பார்த்தவர்கள் எழுபத்தெட்டுப் பேர். அவர்களில் யாரும் குடித்திருக்கவில்லை.

தொக்தோசுன் அந்தக் கணவாயில் பதினான்கு குளிர்காலமாக மணல் லாரி, அதாவது உறைபனியில் வண்டிகள் வழுக்காதபடி சாலையில் மணல் தூவுகிற லாரி, ஓட்டியவன். அவன் பெயருக்கு எங்கள் மொழியில் 'நிலைக்கட்டும்' என்று பொருள். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில் வைக்கிற பெயர். அவனுடைய லாரிக்கு முன்பக்கம் பனியை ஒதுக்கும் இரும்புத் தகடு, முதுகில் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு உப்பும் கலந்து நிரப்பிய தொட்டி, தொட்டியின் அடியில் மணலை இழுத்துக்கொண்டு போகும் சங்கிலி, வாலில் அதை வாங்கி வீசும் சுழல்தட்டு. மற்ற ஓட்டுநர்கள் தட்டை முழு வேகத்தில் விட்டு, யாரையோ திட்டுகிற மாதிரி உப்பை வாரி இறைத்துக்கொண்டு போவார்கள். பாதி உப்பு சாலையோரப் பனியில் போய் விழும். தொக்தோசுனால் அதைச் சகிக்க முடியவில்லை. ரொட்டியையும் உப்பையும் மிதிப்பது எங்கள் பக்கத்தில் பாவம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் மிதிப்பதற்காக உப்பைக் கொட்டுகிறோமே என்று முதல் குளிர்காலம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தான். தட்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, வேகத்தைக் குறைத்து, நீட்டிய உள்ளங்கையிலிருந்து சரிகிற மாதிரி உப்பு விழும்படி செய்தான். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்து, குதிரைகளைக் கூப்பிடுகிற மாதிரி "குரூ, குரூ" என்று சாலையைக் கூப்பிட்டுக்கொண்டே போனான். மிதிக்கக் கொட்டவில்லை, தின்னக் கொடுக்கிறேன் என்பது அவன் கணக்கு.

மணல் லாரிகள் நிற்கும் கிடங்கின் தலைவர் மம்பெத்துக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. "டேய் தொக்தோ, ரோட்டுக்கு மணல் போடுறியா, மச்சினனுக்குப் பந்தி பரிமாறுறியா?" என்பார். ஆனால் அவனுடைய நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் பதினான்கு வருடத்தில் ஒரு வண்டி உருண்டதில்லை. எண்ணெய் லாரிக்காரர்கள் கணவாய்க்கு அந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி, இவனுடைய எல்லைக்கல்லைத் தாண்டியதும் சூரியகாந்தி விதை கொறிக்க ஆரம்பிப்பார்கள். அப்படிப்பட்ட வேலைக்காரன் அவன். சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

உப்புக்கு முதலில் ஆடுகள் வந்தன. பிறகு யாக் எருமைகள், பிறகு மேலே பாறைகளிலிருந்து காட்டு ஆடுகள். நாக்கு இருக்கிற எதுவும் உப்புக்கு வரும். சாலைக்கும் நாக்கு இருக்கிறது என்பது எழுபத்தெட்டாம் வருடம் தெரியவந்தது. ஒரு காலை 'அபாயகரமான வளைவு' என்ற பலகை கிடங்கின் உணவகத்து வாசலில் நின்றது. முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த சாலை, லாரி புறப்படுவதற்கு முன்பே வாசலில் வந்து காத்திருந்தது. ஓட்டுநர்கள் வண்டிகளைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதற்கடுத்த வருடம் தொக்தோசுன் கடைவாய் ஈறு வீங்கிப் பதினாறு நாள் படுத்துவிட்டான். பதிலுக்கு ஓட்டிய சாதிர் தட்டை முழு வேகத்தில் விட்டான். சாலை வெளிப்பக்கமாகச் சாய்ந்து அவனை மூன்று தடவை பனிக்குவியலில் தள்ளியது. "அண்ணே, உங்க ரோடு என்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குது. சீக்கிரம் எந்திரிச்சு வந்துருங்க" என்று அவன் தொக்தோசுனின் கட்டிலுக்கே வந்து கெஞ்சினான்.

எண்பத்து மூன்றாம் வருட இலையுதிர்காலத்தில் தெகெரெக்குக்கு உத்தரவு வந்தது. கணவாய்ச் சாலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, குதிரைப் பாதை மட்டுமே உள்ள முப்பத்தொரு வீடுகள். நவம்பரில் மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும் ஊர். ஜனவரி இருபதாம் தேதி மேலிடத்துக் குழு காரில் வரும். கார் ஊருக்குள் நுழையாவிட்டால் பள்ளியை மூடி, எல்லாரையும் சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். சாலை போட ஆளும் இல்லை, நாளும் இல்லை. தொக்தோசுனின் மனைவி அனார்கான் அந்த ஊர்க்காரி. தலைப்பிரசவத்துக்குப் போன இடத்தில் அங்கேதான் பெற்றாள். பெர்மெத் என்று பெயர் வைத்த அந்தப் பெண் குழந்தை பதினோரு நாள் இருந்தது. ஊர்க் கோடியில் சின்ன மண்மேடு. அனார்கானின் அண்ணி தினமும் தண்ணீருக்குப் போகும்போது "பெர்மெத், நல்லாருக்கியாடி?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கடிதத்தில் அதையும் எழுதுவாள்.

உத்தரவைக் கேட்ட அன்று அனார்கான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "எல்லாரும் கீழ போயிருவாங்க. சட்டி பானை, கோழி, நாயி, எல்லாத்தையும் ஏத்திக்குவாங்க. அவளை எதுல ஏத்துறது? அவ பேரச் சொல்லிக் கூப்பிட அங்க யாருங்க இருப்பா?" என்றாள். பிறகு அழுதாள். தொக்தோசுனுக்கு ஆறுதல் சொல்ல வராது. எழுந்து போய்ச் சுழல்தட்டுக்கு மசகு போட்டான்.

ஜனவரி பதினைந்தாம் தேதி, மம்பெத்திடம் சொல்லிவிட்டு, லாரியைக் குதிரைப் பாதையில் திருப்பினான். தகடு பனியை ஒதுக்க, வாலில் உப்பு சரிய, "குரூ, குரூ" என்று கூப்பிட்டபடி ஏறினான். கண்ணாடியில் சாலை பின்தொடர்வது தெரிந்தது. இரண்டு கிலோமீட்டரில் ஓடை. அதற்கு மேல் வெறும் பனிக்கட்டி. சக்கரம் சுழன்றது, லாரி ஏறவில்லை. இறங்கிப் பார்த்தால் பின்னால் சாலையும் இல்லை. தயங்கி நின்று பார்த்துவிட்டுத் தன் இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. அவன் வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

அனார்கான் நடந்ததைக் கேட்டாள். கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மிரளுற குட்டிய யாராச்சும் முதுகக் காட்டிக்கிட்டா கூட்டிட்டு வருவாங்க? உப்பக் கையில வச்சு, மூஞ்சியப் பாத்து, பின்பக்கமாவே நடந்தில்ல கூப்பிடணும்! குதிரை மேய்க்கிற வம்சத்துல பொறந்து இதுகூடவா தெரியல?"

தொக்தோசுன் தொப்பியைக் கழற்றினான். மோசமான ஏற்றங்களில் மணல் லாரியைப் பின்பக்கமாக ஓட்டி ஏற்றுவது அவன் தொழிலில் உள்ள வழக்கம்தான். அப்போது மணல் சக்கரத்துக்கு முன்னால் விழும், வண்டி தன் உப்பின் மேலேயே ஏறும். நூறு தடவை செய்திருக்கிறான். ஒன்பது கிலோமீட்டர் அப்படி ஏறலாம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியதில்லை. "அட, ஆமாம்ல" என்றான். மறுநாள் இருட்டுவதற்குள் தெகெரெக்காரர்கள் செய்தி கேட்டு, ஆணும் பெண்ணுமாக மண்வாரி எடுத்து, மேலிருந்து ஓடைவரை பனியை அள்ளிவிட்டிருந்தார்கள்.

பதினேழாம் தேதி லாரியைத் திருப்பி நிறுத்தினான். வால் மலையைப் பார்த்தது, முகம் சாலையைப் பார்த்தது. அனார்கான் சிவப்புத் தலைத்துணியைக் கையில் பிடித்து, லாரிக்கு மேலே ஏற்றத்தில் நடந்து, "வரலாம், வரலாம், வலது பக்கம் ஒடிங்க, பள்ளம்" என்று வழி காட்டினாள். உப்பு விழுந்தது, சக்கரங்கள் அதன் மேல் ஏறின, சக்கரம் விட்ட இடத்தைச் சாலை வந்து நக்கியது. முன்கண்ணாடிக்கு அந்தப்புறம், பத்தடி தூரத்தில், கருப்பாக, ஈரமாக, ஓரத்து வெள்ளைக் கற்களோடு அது ஏறி வருவதைத் தொக்தோசுன் ஐந்து மணி நேரம் முகத்துக்கு நேராகப் பார்த்தான். பதினான்கு வருடம் பழகியதை அன்றுதான் நேருக்கு நேர் பார்க்கிறான். நல்ல சாலை அது. ஒரு இடத்தில் கழுகு பறந்தபோது மிரண்டு நின்றது. அவன் குரலைத் தாழ்த்திக் கூப்பிட, மறுபடி வந்தது.

ஊருக்கு நானூறு மீட்டர் இருக்கையில் தொட்டி காலியானது. சங்கிலி வெறுமனே கடகடத்தது. சாலை தலையைத் தூக்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. மேலே நின்ற ஊர்க்காரர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தது. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடிச் சமையல் உப்பையும் ஆட்டுக்கு வைக்கிற கல்லுப்பையும் மூட்டையாகத் தூக்கி வந்தார்கள். வந்தவர்கள் மூட்டையைப் பிரிக்காமல் நின்றார்கள். லாரி கொட்டினால் அது அரசாங்கத்தின் பாவம். வீட்டு உப்பைத் தன் கையால் தரையில் போடுவது வேறு.

"என்ன பாக்குறீங்க?" என்று அனார்கான் கத்தினாள். "பசியா வந்து வாசல்ல நிக்குது. விருந்தாளிக்கு உப்பு வைக்கிறது பாவமா?" அண்ணியின் கையிலிருந்த பையைப் பிடுங்கி, முதல் பிடியை அவளே போட்டாள். அதற்குப் பிறகு எல்லாரும் போட்டார்கள். தொக்தோசுன் வண்டியை விட்டு இறங்கி, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் உப்பை வைத்து நீட்டியபடி பின்னோக்கி நடந்தான். சாலை லாரியின் அடியில் நுழைந்து, அதைக் கொஞ்சம் தூக்கி இறக்கிவிட்டு, முப்பத்தொரு வீடுகளையும் தாண்டி ஊர்க் கோடிக்குப் போய், சின்ன மண்மேட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றது. அங்கே படுத்துக்கொண்டது. தொக்தோசுன் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக, மனைவி பார்க்கும்படி அழுதான்.

இருபதாம் தேதி குழுவின் கார் வழுக்காமல் ஊருக்குள் நுழைந்தது. வரைபடத்தில் இல்லாத சாலை எப்படி வந்தது என்று கேட்டார்கள். வந்தது என்றார்கள் ஊர்க்காரர்கள். பிப்ரவரியில், கணவாய்க்கு அப்பால் கைவிட்ட கல்குவாரிக்குப் போகும் பக்கம் ஒன்பது கிலோமீட்டர் காணாமல் போனது தெரியவந்தது. குவாரிக் காவலாளி மட்டும் முணுமுணுத்தான். அவனையும் வேறிடத்துக்கு மாற்றினார்கள். மொத்த நீளம் பதிவேட்டில் உள்ளபடியே இருந்ததால் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. உத்தரவு ரத்தானது.

தொக்தோசுன் ஓய்வு பெற்றதும் இருவரும் தெகெரெக்குக்கே போய்விட்டார்கள். லாரியை இப்போது சாதிர் ஓட்டுகிறான். தட்டு முழங்கால் உயரத்தில், வேகம் குறைவாக, கடைசி ஏற்றத்தில் பின்பக்கமாக. பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருகிறது, சாலை முடிகிற இடத்தில் திரும்புகிறது. அந்த நிறுத்தத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, பக்கத்தில் இருந்த பெயரை வைத்துவிட்டார்கள். காலை ஒன்பது நாற்பதுக்கும் மாலை நாலு பத்துக்கும் ஓட்டுநர் கதவைத் திறந்து, "பெர்மெத் வந்தாச்சு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறான். இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள். அனார்கான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறாள்.