ரேகை விழாத பெண்

கொத்தனாரின் மகள் கல்லூரிக்கு வரவே இல்லை என்று குமாஸ்தா அடித்துச் சொன்னார். அவருடைய மேசைக்கு எதிரே அவளே நின்றுகொண்டிருந்தாள்.

"இதோ நிக்கிறாளே சார்," என்றார் கொத்தனார்.

"நீங்க பாக்குறீங்க, நானும் பாக்குறேன். மெஷின் பாக்கலையே! வருகைப்பதிவு இல்லைன்னா ஹால் டிக்கெட் இல்லை. நாளன்னைக்குப் பரீட்சை."

மேசைமேல் கைரேகை மெஷின் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தது. வேலை நேரத்தில் தன் இடத்தை விட்டு நகராத ஒரே ஊழியர் அந்தக் கல்லூரியில் அதுதான். சேர்ந்த புதிதில் அவள் விரலை நன்றாகத்தான் அடையாளம் கண்டது. பிறகு கட்டணம் கட்டுவதற்காக மாலை நேரங்களில் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள். சோப்புத் தூள் ரேகையைத் தின்றுவிட்டது. விரல் தேயச் சம்பாதித்த அந்தப் பணத்தைக் கல்லூரி எந்த மெஷினையும் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டது.

"தினம் வந்தேனா இல்லையான்னு வாத்தியாருங்களைக் கேளுங்க சார்," என்றாள் மகள்.

"அவங்க வந்தாத்தானேம்மா கேக்குறதுக்கு!" சொன்ன பிறகு குமாஸ்தா நாக்கைக் கடித்துக்கொண்டார். குரலைத் தணித்தார். "சரி, இப்ப என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு தடவை ரேகை விழட்டும். மெஷின் கோளாறுன்னு எழுதிப் பழசெல்லாம் சரி பண்ணிடுறேன்."

மகள் ஒவ்வொரு விரலாக வைத்தாள். கொத்தனார் தன் சட்டையில் துடைத்துவிட்டார், வாயால் ஊதியும் பார்த்தார். மெஷின் ஒவ்வொரு தடவையும் 'மன்னிக்கவும்' என்றது. இவ்வளவு மரியாதையாக யாரும் அவர்களை வெளியே துரத்தியதில்லை.

"அப்பா, சிமெண்டு ரேகையைத் தின்ன கைக்கு உங்க கட்டட சைட்டு மெஷின்ல என்ன பண்ணுவாங்க?"

கொத்தனாருக்குக் கூச்சமாகிவிட்டது. "அது வேணாம்மா. இது காலேஜு."

"எனக்கு ஒரு வருஷம் போயிடும்ப்பா. சொல்லுங்க."

"கால் கட்டைவிரலை வைப்போம்."

குமாஸ்தா "ஐயையோ!" என்று எழுவதற்குள் அவள் செருப்பை உதறி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மேசைமேல் ஏற்றிவிட்டாள். "புதுசாப் பதிஞ்சுக்கங்க சார். கால் வலிக்குது."

குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. மெஷின் 'நன்றி' என்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஹால் டிக்கெட்டைக் கொடுத்தவர், "இனிமே எல்லாரும் வச்சு முடிச்சப்புறம் வந்து வைம்மா, புண்ணியமாப் போகும்," என்றார்.

"முதல் பீரியடு போயிடுமே சார்."

பரீட்சை முடிந்து கல்லூரி திறந்ததிலிருந்து, காலையில் மேசைமேல் கால் வைக்கும் முதல் ஆள் அவள்தான். அடுத்து வருகிறவர் முதல்வர். அதே கண்ணாடியில் கட்டைவிரலை அழுத்திவிட்டு அறைக்குள் போகிறார். அந்த விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கோப்புகளைப் புரட்டுகிறார்.