எதிர்ப்பக்கத்து ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு பெண் போன் செய்து, என் தம்பி விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றாள். எனக்குத் தம்பி கிடையாது. அண்ணன், அக்கா, தங்கை என்று யாருமே கிடையாது. இவள் ஒருத்தியே போதுமடா சாமி என்று என் அப்பாவும் அம்மாவும் என்னோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“தப்பான நம்பர்” என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே மறுபடியும் அடித்தது.

“வெச்சுடாதீங்கம்மா. அவர் சட்டைப்பையில பாட்டில் கம்பெனி அடையாள அட்டை இருக்கு. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்னு உங்க பேரும் நம்பரும்தான் போட்டிருக்கு. உறவுன்னு கேட்ட இடத்துல அக்கான்னு எழுதியிருக்கார். ஆள் நல்ல உயரம், ஒல்லி. இடது புருவத்துல பழைய தழும்பு.”

தழும்பு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒட்டடைக்குச்சி!

அந்தப் பெயர் நான் வைத்தது. அவனுக்கே தெரியாது. பதினோரு வருஷமாக அவன் எனக்கு எதிரே நிற்கிறான். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் எங்களுக்குச் சோதனை வேலை. உலையில் இருந்து வந்து ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக ஊர்ந்து வரும். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். என் கண்ணுக்குத் தப்பியது அவன் கண்ணில் மாட்ட வேண்டும். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தத்தில் காது போய்விடும் என்பதால் இருவர் காதிலும் அடைப்பான். யாராவது ஒருவர் பெல்ட்டில் நின்றே ஆக வேண்டும் என்பதால் அவன் சாப்பிட்டு வந்த பிறகுதான் நான் போவேன். வேலை முடிந்தால் அவன் வண்டி ஒரு வாசலில் நிற்கும், என் வண்டி வேறு வாசலில். ஆகவே நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவன் குரல் தடித்ததா மெலிந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கையால் பேசுவோம், அதுவும் ஒற்றைக் கையால். மற்றக் கை பாட்டிலில் இருக்க வேண்டுமே. விரிசல் என்றால் விரலால் காற்றில் ஒரு கோடு. பாட்டில் இன்னும் சூடாக வருகிறது என்றால் விரல் நுனிகளை உதறுவது. கண்ணாடிக்கு உள்ளே குமிழ் என்றால் முஷ்டியை மூடுவது. சின்ன பாட்டில் வரிசை வந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. நான் சாப்பிடப் போகிறேன், என் இடத்தைப் பார்த்துக்கொள் என்றால் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து எதிராளியை நோக்கித் திறப்பது. இப்படி நாற்பது இருக்கும். முக்கால்வாசி நானே கண்டுபிடித்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவை என்று எனக்கு ஒரு கர்வம்.

என் கணவர் தையல்காரர். ஒரு கால்சட்டைக்கு அளவெடுத்தால் போதும், அந்த ஆளின் மாமியார் சண்டைவரை தெரிந்துகொண்டு வருவார். எனக்கு அதெல்லாம் ஆகாது. நான் வேலைக்குப் போவது பாட்டிலைப் பார்க்க, மனிதர்களைப் பார்க்க அல்ல என்று அவரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

“என்னைக் கேக்காம, ஆபீஸ்ல என் நம்பரை வாங்கி, எப்படி அக்கான்னு எழுதுவான்?” என்று போனை வைத்ததும் கத்தினேன்.

“எழுதிட்டான். அதனால உனக்கு என்னடி குறைஞ்சுபோச்சு? மொதல்ல கெளம்பு” என்றார் கணவர், வாயில் ஊசியைக் கடித்தபடி.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் படிவத்தோடு காத்திருந்தாள். காலையில் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட்டோடு சாலையைக் கடக்கும்போது வேன் இடித்துவிட்டதாம். தாடை உடைந்திருக்கிறது, வலது கையும் உடைந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை என்றாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கேள்விகளை ஆரம்பித்தாள்.

“சர்க்கரை இருக்கா?”

“தெரியாது.”

“ஏதாவது மருந்து ஒத்துக்காதா?”

“தெரியாது.”

“கல்யாணம் ஆனவரா? வீட்டுல வேற யார் இருக்காங்க?”

“தெரியாதும்மா.”

அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “நீங்க கூடப் பொறந்த அக்காதானே?”

எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. பதினோரு வருஷம், நாளுக்கு எட்டு மணி நேரம் பார்த்த முகம். என் கணவர் முகத்தைக்கூட விழித்திருக்கும்போது அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவனைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. நான் அக்கா இல்லை, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“பாருங்க, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு” என்று நர்ஸ் திரையை விலக்கினாள்.

தலையிலிருந்து தாடைவரை கட்டு. வலது கையில் மாவுக்கட்டு. இடது கையைத் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் கண்ணில் மளமளவென்று தண்ணீர் கொட்டியது. அந்த மனிதன் அழுவான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

“ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?”

“கையைக் கையை ஆட்டி ஊசியைப் பிடுங்கிடறாரு. மருந்து மயக்கம். பேனா குடுத்தோம், இடது கையால கிறுக்கினது ஒண்ணும் புரியல.”

கட்டிய கையின் விரல்கள் மட்டும் அசைந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடைவெளி. அடுத்து முஷ்டி மூடியது. அப்புறம் விரல் நுனிகள் உதறின. மறுபடியும் முதலிலிருந்து.

சின்னது. உள்ளே. சூடு.

“அவிழ்த்து விடுங்க” என்றேன்.

“அம்மா, டாக்டர் சொல்லாம…”

“அவிழ்த்து விடும்மா! அவன் ஏதோ சொல்றான்.”

என் குரலுக்குப் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். அவன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து என்னை நோக்கித் திறந்தான். என் இடத்தைப் பார்த்துக்கொள்.

நான் ஒரு மடச்சி. “இன்னைக்கு லீவுப்பா. பெல்ட் ஓடல” என்றேன்.

அவன் தலையை அசைக்கப் பார்த்தான், வலியில் முகம் கோணியது. திரும்பவும் அதே நான்கு. சின்னது, உள்ளே, சூடு, என் இடம். அப்புறம் மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினான். அது எங்கள் நாற்பதில் இல்லை. ஆனால் பூட்டுகிற கை எப்படித் திரும்பும் என்று யாருக்குத்தான் தெரியாது?

கட்டிலருகே குனிந்தேன். “உன் இடம்னா… வீடா?”

கண்ணை மூடித் திறந்தான்.

“அடுப்பு எரியுதா?”

மூடித் திறந்தான்.

“உள்ள யாரோ இருக்காங்களா? சின்னதுன்னா… குழந்தையா? பூட்டிட்டா வந்தே?”

மூன்றாவது தடவையும் அவன் கண்ணை மூடித் திறந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. அவனை இங்கே கொண்டுவந்தது ஒன்பதரைக்கு என்று நர்ஸின் படிவத்தில் இருந்தது.

“சாவி எங்க?” என்று நர்ஸின் கையைப் பிடித்தேன். அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. அவன் பொருட்களை ஒரு உறையில் போட்டு வைத்திருந்தாள். சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் தருவாள். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன். ஓடும்போது பின்னால் அவள் தீயணைப்புக்குப் போன் செய்வது கேட்டது.

முகவரி அடையாள அட்டையில் இருந்தது. வண்டிக்காரரை நான் திட்டிய திட்டுக்கு அவர் என்னை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கலாம், நல்ல மனிதர், விடவில்லை. மூன்றாவது மாடி. படியேறும்போதே கருகல் வாடை. பூட்டிய கதவின் அடியில் புகை கசிந்துகொண்டிருந்தது. அறிவுகெட்டுப்போய்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவை டமடமவென்று தட்டினேன். “பாப்பா! பாப்பா!” உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. செத்துப்போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். அந்த நினைப்போடு சாவியைப் போட்டபோது அது துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்றது.

நாலாவது தடவைதான் கதவு திறந்தது. உள்ளே கண் எரிந்தது. உருளைக்கிழங்கு வேகவைத்த பாத்திரம் கரிக்கட்டையாகிப் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய துணியின் ஓரம் பழுப்பாகிவிட்டிருந்தது, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் பற்றியிருக்கும். அடுப்பை அணைத்தேன், ஜன்னல்களைத் திறந்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பீரோவைத் திறந்து பார்த்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் உடைந்துவிட்டது. குளியலறைக் கதவைத் தள்ளினேன்.

தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. ஈரத் துண்டு முகத்தைச் சுற்றியிருந்தது. “பாப்பா!” என்று கத்தினேன். அசையவில்லை. தோளைத் தொட்டேன்.

விருட்டென்று திரும்பியது. உயிரோடு இருந்தது. நான் அங்கேயே தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அழவில்லை. துண்டை இறக்கிவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு புருவத்தையும் நெரித்து, கீழுதட்டைப் பிதுக்கி, விரலை என் பக்கம் நீட்டினாள். அவள் செய்து காட்டுவது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது என் மூஞ்சி. பெல்ட்டில் நான் வைத்துக்கொண்டிருக்கும் சிடுசிடு மூஞ்சி. அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

அவளுக்குக் காது கேட்காது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று அப்பா சொன்னதை மீறாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னாள், ஒற்றைக் கையால். சூடு, விரல் உதறல். உள்ளே, முஷ்டி. தோளில் இரண்டு விரலால் தட்டினாள். கொஞ்சம் பொறு. அந்தச் சைகையை ஒட்டடைக்குச்சி திடீரென்று ஒருநாள் ஆரம்பித்தான், ஆறேழு வருஷம் இருக்கும். சோம்பேறி, இதற்கும் ஒரு சைகை கண்டுபிடித்துவிட்டான் என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அது இவளுடையது. நான் சொல்லிக்கொடுத்ததை அவன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். இவள் சொல்லிக்கொடுத்ததை எனக்குக் கொண்டுவந்திருக்கிறான். இந்தக் குழந்தையோடு நான் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், இவள் இருப்பதே தெரியாமல்.

அவள் கையைத் தலைக்கு மேலே உயர்த்திவிட்டு உள்ளங்கையை விரித்தாள். நெட்டையன் எங்கே? அப்பா எங்கே?

என்ன சொல்வது? அடிபட்டிருக்கிறான், ஆனால் இருக்கிறான். யோசிக்காமல் காற்றில் ஒரு கோடு இழுத்தேன். விரிசல்.

அவள் என் விரலைப் பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. மெதுவாகத் தரையைக் காட்டினாள், என் காலடியை.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. விரிசல் விட்ட பாட்டிலை நாங்கள் ஒட்டுவதில்லை. காலடியில் இருக்கும் தொட்டியில் போட்டு உடைத்துவிடுவோம். அதையும் அப்பா அவளுக்குச் சொல்லியிருக்கிறான். ஐயோ, இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். நல்லது என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. விரிசலும் நல்லதும் ஒரே பாட்டிலில் எப்படி இருக்கும்? நாற்பது சைகை தெரிந்தவள் நான். அதில் ஒன்றுகூட ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல உதவவில்லை. அவள் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டாள். அதை இன்னொரு தடவை கேட்கும் நிலைமை எனக்கு வரவே வேண்டாம்.

அவளை வாரித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஏறி வந்துகொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டிக்காரர் இன்னும் வாசலில் நின்றிருந்தார். வழியெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்டு வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். “குழந்தைங்களை விடமாட்டோம்மா. நீங்க யாரு?”

“இவளுக்கு அத்தை” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. “தள்ளுய்யா.”

தள்ளிக்கொண்டார்.

அவள் கட்டிலருகே போய் நின்றாள். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள், முழங்காலைத் தொட்டாள், மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அவன் இடது கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அப்பா முழுசாக இருக்கிறார் என்று உறுதியான பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

அப்படி ஒரு கோபத்தை அந்த வயதுக் குழந்தையிடம் நான் பார்த்ததில்லை. காற்றில் கோடு இழுத்துக் காட்டினாள், அதை உள்ளங்கையால் அழித்தாள். தப்பு. பிறகு என் கையை வெடுக்கென்று இழுத்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் ஊதினாள், குழந்தையின் சிராய்ப்புக்கு ஊதுவது போல. ஊதிவிட்டு அப்பாவைக் காட்டினாள். அடிபட்டிருக்கு, ஆறிடும். இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இதுகூடத் தெரியாதா உனக்கு?

தெரியாது. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை.

என்னைச் செய்யச் சொன்னாள். என் கையை நானே விரித்து ஊதினேன். உதடு நடுங்கியதில் காற்றே வரவில்லை. அவள் புருவத்தை நெரித்து, மறுபடியும் செய் என்றாள்.