செடிக்கு ஆயுசு பயமில்லை

"தலையத் தாங்கிப் புடிங்கப்பா, சாயுது!" என்று கனகராஜ் கத்த, நாலு பேர் சேர்ந்து அவன் அண்ணன் ஐயாசாமியின் உடலை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜொகூர் பாரு கடைத்தெருவில் ஜவுளி விற்றவர். எந்தக் கொம்பன் இழுத்த இழுப்புக்கும் வளையாதவர், இன்றுதான் தம்பி சொன்னபடி கேட்டார்.

ஊரிலுள்ள சொந்தங்களுக்கு அனுப்ப அவர் முகம் ஒரு படத்திலாவது வேண்டும். வீட்டுச் சுவரிலோ சேம்பு, பெரணி, வெற்றிலைக்கொடி. எல்லாம் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். சிங்கப்பூர் ஏலத்தில் அடித்துப் பேசி வாங்கிய கேமராவுக்குப் பின்னாலேயே நின்ற மனிதருக்குச் சொந்தமாக ஒரு படம் இல்லை.

எல்லாம் அவர் மனைவி வெள்ளையம்மா செய்த வேலை. கல்யாணமான புதிதில் ஐயாசாமி கேமராவைக் காட்டி, "வா, சேந்து ஒக்காருவோம். தம்பிய அமுக்கச் சொல்றேன்" என்றார்.

"புருசன் பொஞ்சாதி சேந்து படம் புடிச்சா புருசனுக்கு ஆயுசு கொறையும். நீங்க தனியாவும் நிக்கக் கூடாது."

ஒரே விலையாகச் சொல்லிவிட்டாள். பேரத்தில் தோற்றறியாதவர் அவளிடம் தோற்றார். "சரி, செடிக்கு ஆயுசு பயமில்லையே" என்று சேம்புத் தொட்டியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார். பின்னால் அவள் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின.

"எடது கைய எறக்கு மகாராணி, வெரல் தெரியுது!"

திட்டுவார். பிறகு விரல் தெரிந்த படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டுவார்.

இன்று படமெடுக்க வந்திருந்த சீனப் படக்காரர் தன் கேமராவின் கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுத்து, பெண்சாதி எங்கே என்று மலாயில் கேட்டார்.

"அண்ணி ஒக்கார மாட்டாங்க தவுக்கே, நீங்க எடுங்க லா" என்று அந்தப் படக்கடை முதலாளியிடம் சொன்னான் கனகராஜ்.

பக்கத்து வீட்டு அங்கம்மா மெல்ல வெள்ளையம்மாவின் தோளைத் தொட்டாள். "பூவும் பொட்டும் இன்னும் கொஞ்ச நேரந்தான் தாயி. ஒக்காந்துரு."

"ஒக்காராமத்தானே இருந்தேன் அக்கா" என்றாள் அவள். "அப்பவும் போயிட்டாரே."

அவளே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். துணிக்குள்ளிருந்து படக்காரரின் கை நீண்டு, நெருங்கச் சொன்னது. நாற்காலிக் கால்கள் பலகைத் தரையில் கீச்சிட்டன. போதும் என்று கை நின்றது.

அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.