மீன்புலி

நித்தாய் மான்னா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலில் ஆய்வகக் குடுவை கழுவத்தான் சேர்ந்தார். கழுவிக்கொண்டே படித்து, பரீட்சை எழுதி, பதினோரு வருஷம் கழித்து அதே அறையில் அறிவியல் வாத்தியாராக நின்றார். பிறகு நாணல் காட்டுப் பிராணிகள்மேல் கிறுக்குப் பிடித்தது. மீன் பிடிக்கிற காட்டுப்பூனையைக் கொல்லாதீர்கள் என்று சொல்லி, ஹௌரா ஜில்லாவில் அவர் மிதிக்காத குளக்கரை இல்லை. அதற்காகத்தான் போன செவ்வாய்க்கிழமை கல்கத்தாவில் அவருக்குச் சால்வை போட்டார்கள்.

மேடைக்குக் கூப்பிடுகிற நேரத்தில் ஊரிலிருந்து மீன்குளத்துக்காரன் சுபல் டோலுயின் போன்.

“மாஸ்டர், குளத்து வலையில ஒண்ணு மாட்டிக்கிட்டுச் சீறுது. உடம்பெல்லாம் புள்ளி. என்ன மாஸ்டர் இது?”

“மீன்புலிப்பா. அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டார்.

அந்தப் பூனைக்கு ஊரில் இரண்டு பெயர். பாக்ரோல் என்பது பழைய பெயர். கேட்டு யாரும் பயப்படுவதில்லை. மீன்புலி என்றால் மீன் காதில் விழாது, புலிதான் விழும். பாக்ரோல் என்றே சொல்லுங்கள் என்று ஊருக்குப் பாடம் நடத்தியவரே இவர்தான். சால்வை அவசரத்தில் வாய் வழுக்கிவிட்டது. சுபலோ போனைச் சத்தமாக வைத்துக் கேட்டிருக்கிறான். கரையில் நின்ற அத்தனை பேரும் கம்பெடுத்துவிட்டார்கள்.

மறுநாள் அது கரையில் செத்துக் கிடந்தது. பெட்டை. வனத்துறை அதிகாரி மாஸ்டரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்தார்.

“புலின்னு யார்யா கிளப்பினது?”

சுபல் மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தான். “யாரும் சொல்லல சார். என் கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சுது.”

“கண்ணா அது, முட்டையா? இத்தனை வருஷம் உங்க மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினாரே!”

“அவரு நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாரு. நான்தான் மக்கு.”

புலி என்று கிளப்பியது சுபல்தான் என்று எழுதிய சாட்சிக் காகிதத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். சுபலை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவன் பெண்சாதி லொக்கி பொரிப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்துவிட்டு, மாஸ்டர் பக்கம் வந்து குரலைத் தணித்தாள்.

“நீங்க போன்ல சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். வெளிய சொல்லாதேன்னு ஊரையே கும்பிட்டுக் கேட்டாரு இந்த மனுஷன். மாஸ்டர் பேரு கெட்டா அப்புறம் பூனைக்கு யாரு பேசுவாங்களாம். எனக்கு யாரு பேசுவாங்க மாஸ்டர்?”

கிளம்பிய ஜீப்பின் குறுக்கே போய் நின்றார் மாஸ்டர்.

“புலின்னு சொன்னது நான்தான். அந்தக் கையெழுத்து பொய்.”

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்காக இவனை இறக்கிவிட முடியாது. நீங்களும் ஏறுங்க. எழுதிக் குடுங்க.”

நேற்றுவரை எழுந்து நின்று வணக்கம் சொன்னவர்கள் கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாஸ்டர் ஏறி, சுபல் பக்கத்தில் உட்கார்ந்தார். சுபல் நகர்ந்து இடம் விட்டான், பொரியை நீட்டினான். மாஸ்டர் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

காகிதம் கைக்கு வந்தது. பேனா நகரவில்லை.

“எழுதுங்க மாஸ்டர்,” என்றான் சுபல். “இந்தத் தடவையாவது பூனையோட பேரைச் சரியாப் போடுங்க.”