கம்பிவேலிக்குக் கீழே போன மான்கள்

வோபர்னில் அமிர்தநாதர் அண்ணையின் மகன் ஜோசுவாவுக்கு முதல்நன்மை. பூசை முடிந்து எல்லாரும் அவர் வீட்டு பேஸ்மன்ரில் கூடியிருந்தார்கள். மக்டலீன் பெண்களோடு இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் இக்னேசியஸ் சோபாவின் ஓரத்தில், வழக்கம்போல ஒருவரோடும் பேசாமல் இருந்தான். பகலில் பிளாஸ்ரிக் ஃபக்ரறி, பின்னேரத்தில் ராக்சி ஓட்டம். சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டுக்கு அவன் வந்து சேர்வது படுக்கத்தான். ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

யாரோ ரீவியைச் சத்தமில்லாமல் விட்டிருந்தார்கள். அதில் மரமே இல்லாத பெரிய புல்வெளி ஒன்று வந்தது. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு மான்கூட்டம் ஓடியது. மண்ணிற முதுகு, வெள்ளை வயிறு, முன்பக்கம் சின்னக் கவடு வைத்த கறுத்தக் கொம்பு.

இக்னேசியஸ் துள்ளி எழும்பினான்.

"மக்டலீன், இஞ்ச ஓடியாரும்! எங்கட அன்ரலோப்!"

பேஸ்மன்ரே திரும்பிப் பார்த்தது. மக்டலீனுக்குக் கையில் இருந்த ரோல்ஸ் மறந்துபோனது.

கனடாவில் அவர்கள் முதலில் இறங்கிய இடம் ரொறன்ரோ இல்லை. ஒரு தேவாலயத்தார் பொறுப்பெடுத்து, எண்பத்தேழாம் ஆண்டு வசந்தத்தில், அவர்களைச் சஸ்கச்சுவானுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வோல்ரர், ஹெலன் என்ற வெள்ளைக்காரத் தம்பதியின் மாட்டுப்பண்ணையில், பின்வளவுச் சின்ன வீடு. சுற்றிவரத் தமிழ் பேச ஒரு சனம் இல்லை. முதல் மாதம் மக்டலீன் அந்த வெட்டவெளியைப் பார்க்கப் பயந்து யன்னல் சீலையை இழுத்தே விட்டிருந்தாள். பிறகு ஒரு காலை சீலையை விலக்கினால், வாசலில் ஒரு கோபர், நிலத்துக்குள் வளை தோண்டி வாழும் அணில், இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்தது. பூசைக்கு வந்த ஆள்மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வெளிதான் அவளுக்கு அயலட்டை. பொழுதுபடக் கயோட்டி நரிகள் ஊளையிடும். கோபரைப் பிடித்துத் தின்ன பாட்ஜர் என்ற நீளநக மிருகம் வந்து மண்ணை வாரி இறைக்கும். தூரத்தில் அன்ரலோப்புகள் மேயும்.

இக்னேசியஸ்தான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஊரில் தம்பியை ஆமி சுட்டுக் கொன்றதற்குப் பிறகு அவன் சிரித்ததில்லை. மாட்டுக்குத் தீன் வைத்துவிட்டு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான்.

"தம்பி, என்ன மானடாப்பா இது?" அமிர்தநாதர் அண்ணை கேட்டார்.

இக்னேசியஸ் சொல்லத் தொடங்கினான். இத்தனை பேருக்கு நடுவில் அவன் பேசுவதை மக்டலீன் அன்றைக்குத்தான் கண்டாள்.

"உதுகள் காத்துமாதிரி ஓடும் அண்ணை. ஆனா வேலி பாயாது. கம்பிக்குக் கீழால பூந்துதான் போகும். ஒரு மாசியில ஸ்னோ கொட்டி, வேலியின்ர கீழ்க்கம்பி மூடுபட்டுப் போச்சு. எங்கட வீட்டுக்கு முன்னால ஒரு கூட்டம் வந்து மறிபட்டு நிக்குது. அங்கால போக வழியில்லை, இஞ்சால தின்னப் புல்லில்லை. நான் படுத்துக் கிடந்தனான். பாத்தா இவவைக் காணேல்லை. வெளியில, என்ர ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, நடாஷா வயித்தில, சட்டி மூடியால ஸ்னோவை வாரிக்கொண்டு நிக்கிறா!"

"ஐயோ, பொய்!" மக்டலீன் எழும்பிவிட்டாள். "நீங்கள்தான் முதல் சவளோட போனனீங்கள். நான் பிறகுதான் வந்தனான்."

"நீர்தான் முதல்."

"மாதா அறிய நீங்கள்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் காட்சியை இத்தனை வருஷமும் மக்டலீன் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். அவன் கம்பிக்குக் கீழே தோண்டிவிட்டு விலகி நின்றதும், முதலில் ஒரு பெட்டை மான் முழங்காலை மடக்கி நுழைந்ததும், பின்னால் மற்றவை ஒவ்வொன்றாகப் போனதும், அவன் வாய்விட்டுச் சிரித்ததும். அவன் அன்றைக்குத் தானாக எழும்பினான் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்; சட்டி மூடியோடு தான் முன்னால் போனது அவள் நினைவில் இல்லை.

திரும்பி வரும்போது, பின்சீற்றில் மகள் நடாஷா நித்திரையானதும், அவன் மெல்லச் சொன்னான்.

"அண்டைக்கு நீர் வெளியில போகாட்டி நான் எழும்பியிருக்க மாட்டன்."

கொஞ்சத் தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"ஹெலனுக்கு ஒருக்கா ஃபோன் எடுப்பமா?"

தமிழ்ச்சனம் இருக்கிற இடம் வேணும் என்று அவர்கள்தான் அங்கிருந்து வெளிக்கிட்டார்கள். வந்த புதிதில் நத்தார் பண்டிகைக்கு ஃபோன் எடுத்தார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

அடுத்த நாள் பின்னேரம் எடுத்தார்கள். குரலைக் கேட்டதுமே ஹெலன் அடையாளம் கண்டுவிட்டாள். வோல்ரர் இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார் என்றாள். இக்னேசியஸ் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். அறிவிக்க உங்கள் புது நம்பர் என்னிடம் இல்லை என்று அவள் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கியது. பிறகு அவள், கோபர்கள் தோட்டம் முழுக்கத் தோண்டிப்போட்டதாக முறைப்பாடு சொன்னாள். ஆடியில் வாருங்கள், வீடு சும்மாதான் கிடக்கிறது என்றாள்.

"வாறம்," என்று இக்னேசியஸ் தமிழிலேயே சொல்லிவிட்டான்.

அன்றைக்கு அவன் ராக்சி எடுக்கவில்லை. பல்கனியில் கதிரையைப் போட்டு, பாட்ஜர் தோண்டின குழிக்குள் வோல்ரர் இடுப்பளவுக்கு இறங்கி நின்று திட்டின கதையை நடாஷாவுக்குச் சொல்லத் தொடங்கினான். உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது. மக்டலீன் கூப்பிடப் போனவள், கூப்பிடாமல் தானும் பக்கத்தில் இருந்துவிட்டாள்.