நூற்றுக்கு ஆறு

டயர்க் கடைக்காரனை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் அளவுநாடா தொங்கும். மேசை, கதவு, பார்க்கிங்கில் நிற்கும் அடுத்தவன் வண்டி என்று எதையும் விட்டுவைக்க மாட்டான். அப்பேர்ப்பட்டவன் ஒன்றை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டான்.

பத்து நாளுக்கு முன்னால் அக்காவின் மின்சாரக் காரை ஒரு வழி பண்ணியிருந்தான். கம்பெனிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீல், உடம்பு இரண்டு விரற்கடை தாழும்படி புது ஸ்பிரிங், பின்னால் இறக்கை மாதிரி ஒரு ஸ்பாய்லர்.

"இது ஓடுறதுக்கா, பறக்குறதுக்கா?" என்று அக்கா வீட்டுக்காரர் கேலி செய்தார்.

ஆனால் ஒரு சார்ஜில் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த கார், மீட்டரில் முந்நூற்றிருபது காட்டியதும் டேப்புக்குத் தலைகால் புரியவில்லை. "காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகுது மாமா!" என்றான். கடைக்கு வந்தவர்களிடமும் அதையே அளந்தான். மூன்று பேர் அதே செட்டைப் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர் வெளியூர் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வாடகைக் கார்க்காரர்.

இன்று அக்காவுக்கு இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு. பிள்ளைகளுக்காக விட்ட ஆய்வுக்கூட வேலைக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் போகிறாள். அந்த ஊர் முந்நூற்றைந்து கிலோமீட்டர். கடைசி எண்பதில் சார்ஜ் போட ஓர் இடம்கூடக் கிடையாது.

"நடுவுல நிக்காமப் போய்ச் சேர்ந்துடுமாடா?" என்று காலையில் கேட்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போக்கா."

"நான் கண்ணைத் திறந்துக்கிட்டே போறேன்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

பத்தரை மணிக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஓர் அம்மா தன் காரோடு வந்தார். அவருக்கும் அதே செட்தான் வேண்டும். டேப்பு ஜாக்கி போட்டுப் பழைய சக்கரத்தைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினான்.

"என்ன தம்பி, புதுசு குள்ளமா இருக்கு?"

"ரிம் பெருசும்மா, பார்க்க அப்படித் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். பொருத்தமான டயர் ஸ்டாக் இல்லையென்று ரப்பர் உயரம் குறைந்த, அகலமான ஒன்றை மாட்டியது ஞாபகம் வந்தது. அழகாக இருந்தது, அதனால் மாட்டினான். அவ்வளவுதான்.

இரண்டு சக்கரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்தான். பழையது இருநூறு சென்டிமீட்டர். புதியது நூற்று எண்பத்தெட்டு. மீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். நூற்றுக்கு ஆறு பொய். ஸ்பிரிங் தாழ்ந்ததில் கிடைத்த கொஞ்சநஞ்ச லாபத்தையும் அகல டயரும் அந்த இறக்கையும் தின்றுவிட்டிருந்தன. முந்நூற்றிருபது என்பது உண்மையில் முந்நூற்றொன்று.

ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் அக்கா நடுரோட்டில் நிற்கப் போகிறாள்.

போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். வாசலுக்கும் ஜாக்கிக்குமாக நடந்தான், சாவியை எடுத்தான், வைத்தான். துரத்திப் போனாலும் பிடிக்க முடியாது. மாமாவைக் கூப்பிட்டால், "வண்டி ஓட்டும்போது அவ எடுக்கமாட்டாளே" என்றார். அந்த அம்மாவின் கார் மூன்று சக்கரத்தோடு அந்தரத்தில் நின்றது.

பதினொன்று இருபதுக்கு அக்காவே கூப்பிட்டாள்.

"என்னடா, பதினாலு மிஸ்டு கால்?"

"அக்கா, எங்க இருக்க? மேல போகாத! மீட்டர் தப்பு!"

"தெரியும். சார்ஜ் போட்டுக்கிட்டு டீ குடிச்சிட்டிருக்கேன்."

டேப்பு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் முட்டியது. "தெரியுமா?"

"முந்தாநாள் ரோட்டோரக் கல்லைப் பார்த்துக்கிட்டே ஓட்டினேன். கல்லு அம்பதுன்னா மீட்டர் அம்பத்தி மூணுங்குது."

"ஏன்க்கா சொல்லல?"

"பத்து நாளா பெருசா சாதிச்ச மாதிரி திரிஞ்சே. உன் மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்ல மனசு வரலடா. நான் பார்த்துப் போய்க்கலாம்னு விட்டுட்டேன்."

அவனுக்கு நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அக்கா, இதே செட்டை மூணு பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன். ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்துறவர்."

அந்தப் பக்கம் டீ கிளாஸை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ, அது எனக்குத் தெரியாதேடா" என்றாள். "போனை வை. முதல்ல அவரைக் கூப்பிடு."

கூப்பிட்டான். டிரைவிங் ஸ்கூல் அம்மா பழைய சக்கரத்தைத் தானே காரின் பக்கம் உருட்டிக்கொண்டு போனார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த வாடகைக் கார்க்காரரும் வண்டி ஓட்டும்போது போன் எடுக்காதவர்.